கத்தி உறையும் தண்ணீரும்

1942 நவம்பரில் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட சண்டைக் கத்தி, 'கே-பார்' என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. 7 அங்குல அலகு, தோல் வட்டுகளை அடுக்கி இறுக்கிய பிடி, கூடவே ஒரு தோல் உறை. அந்த உறையைக் கையால் செய்ய உட்காருபவருக்கு முதல் வேலை தோலைத் தேர்ந்தெடுப்பது. அதில் தவறினால் பிறகு காட்டும் கைத்திறன் எல்லாம் வீண்.

செருப்பின் மேல்பாகத்துக்கும் மேலங்கிக்கும் போகும், குரோமிய உப்பில் பதனிட்ட மெல்லிய குரோம் தோல் இதற்கு ஆகாது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட, 3 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள மாட்டுத்தோல் வேண்டும். காரணம் வேதியியலில் இருக்கிறது. தோலின் உடம்பு முழுக்கக் கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி முறுக்கிய கயிறு போன்ற மூலக்கூறு அது. பச்சைத் தோலை 60, 65 டிகிரி செல்சியஸ் நீரில் இட்டாலே அந்த முறுக்கு அவிழ்ந்து தோல் சுருங்கிவிடும். பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின்கள் அந்தப் புரிகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிணைக்கின்றன. கடுக்காயைக் கடித்தால் நாக்கு துவர்ப்பதும் இதனால்தான்: டானின் நம் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. ஆவாரம் பட்டையைக் கொண்டு தமிழகத்தில் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது.

டானின் பிணைப்புகளில் பெரும்பாலானவை ஹைட்ரஜன் பிணைப்புகள். நனைந்தால் தளரும், உலர்ந்தால் மீண்டும் இறுகும். குரோமியத்தின் பிடி இதைவிட வலுவானது, கொதிநீரையும் தாங்கும். ஆனால் அந்தத் தோலை நனைத்து அழுத்திக் காயவைத்தால் கொடுத்த வடிவம் நிற்பதில்லை.

வெட்டிய தோலை மடித்துத் தைக்கும்போது, அலகின் வெட்டும் விளிம்புப் பக்கம் இரு அடுக்குக்கும் நடுவே ஒரு தோல் பட்டை வைப்பார்கள். கே-பார் அலகின் முதுகு சுமார் 4 மில்லிமீட்டர். பட்டையும் ஏறக்குறைய அதே அளவு. பட்டை இல்லையென்றால் கத்தியை ஒவ்வொரு முறை செருகும்போதும் அந்த விளிம்பு நூலை அறுக்கும். பட்டை இருந்தால் அந்த வெட்டை அது வாங்கிக்கொள்ளும். தையலும் சேணம் தைப்பவர்களின் முறையில்தான்: ஒரே மெழுகு நூல், இரு முனையிலும் ஊசி, குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகக் கடக்கும். இயந்திரத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கியிட்டு நிற்பதால், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையல்களும் கழலத் தொடங்கும். சேணத் தையலில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்க நூல் அதே துளையில் பிடித்திருக்கும். நேரம் பிடிக்கிற வேலைதான். ஆனால் கைவேலை என்று கூடுதல் விலை கேட்பதற்கு உண்மையான நியாயம் இந்தத் தையலில் இருக்கிறது. பொறித்த பூவேலையில் அவ்வளவாக இல்லை.

பிறகு உறையைத் தண்ணீரில் முக்கி, கத்தியை உள்ளே வைத்து, விரலாலும் எலும்புக் கருவியாலும் அழுத்துகிறார்கள். தளர்ந்த நார்கள் நகர்ந்து அலகின் வடிவை எடுத்துக்கொள்ளும்; உலர்ந்ததும் அப்படியே விறைத்துவிடும். மிதமான சூடு விறைப்பைக் கூட்டும். சூடு மிஞ்சினால் தோல் நொறுங்கும். அலகின் மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. ஈர டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலக் கறை பிடிக்கும். கடுக்காயோடு இரும்பு உப்பான அன்னபேதி சேர்த்து மை காய்ச்சியவர்கள் நம்பியிருந்த அதே வினைதான்.

வடிவம் தந்த தண்ணீரே பின்னாளில் பகையாகிறது. பட்டையில் பதனிட்ட தோல் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. காற்றின் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் கார்பன் எஃகுக் கத்தியை உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டால் துரு நிச்சயம். பித்தளை ரிவெட்டுகளைச் சுற்றித் திரளும் பச்சைக் கசடு, தோலிலுள்ள கொழுப்பு அமிலங்கள் செம்போடு வினைபுரிந்ததன் விளைவு.

1943-ல் அமெரிக்கத் தரைப்படை எம்3 என்ற கத்தியை வழங்கியபோது, அதனுடன் வந்த எம்6 உறை தோலால் ஆனது. முனை தொடையைக் குத்தாமலிருக்க நுனியில் உலோகத் தகடு பதித்திருந்தார்கள். வெப்பமண்டலக் காடுகளின் ஈரத்தில் தோல் பூஞ்சை பிடித்து அழுகியது. துணியைப் பிசினில் ஊறவைத்து உருவாக்கிய எம்8 உறை அதே ஆண்டிலேயே அதன் இடத்தைப் பிடித்தது. வியட்நாம் போரில் துப்பாக்கி முனையில் பொருத்திய எம்7 குத்துவாளும் எம்8-ன் திருத்திய வடிவமான எம்8ஏ1 உறையில்தான் இருந்தது.