கத்திரி வெயிலிலும் குளிர்ந்துபோகும் உடல்

கத்திரி வெயில் காலத்தில் வேலூரில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது புதிதல்ல. பாறைக் குன்றுகள் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் வெளிவிட்டுக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஊரில், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அடிபட்டு மருத்துவமனைக்கு வரும் ஒருவரின் உடல் உள்வெப்பம் 34 டிகிரிக்கு இறங்கியிருக்கலாம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே செல்லும் ஹைப்போதெர்மியா என்னும் நிலை வருவதற்குப் பனிமலை தேவையில்லை. வெப்பத்தை உண்டாக்கவும் காக்கவும் உடலுக்குள் இருக்கும் ஏற்பாடு பழுதுபட்டாலே போதும்.

அந்த ஏற்பாட்டின் தலைமையிடம் மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ். உடல் குளிரத் தொடங்கினால் அது முதலில் தோலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி, வெப்பத்தை உள்ளுறுப்புகளிலேயே நிறுத்திவைக்கிறது. அதுவும் போதாதபோது தசைகளை நடுங்கவைத்துப் புதிதாக வெப்பம் உண்டாக்குகிறது. மயக்க மருந்து இவ்விரண்டையும் தடுத்துவிடுகிறது. அதனால்தான் அறுவை சிகிச்சையின் முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை குறைகிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி உடலைவிட்டு வெளியேறுவதில்லை, விரிந்த குழாய்களின் வழியே கை கால்களுக்குப் பரவிவிடுகிறது.

பெரும் காயம்பட்டவருக்கு இத்துடன் வேறு இழப்புகளும் சேர்கின்றன. பரிசோதனைக்காக உடைகள் களையப்படுகின்றன, உடல் ஈரமாக இருக்கிறது, அறையில் ஏசி ஓடுகிறது. இரத்த வங்கியில் 2 முதல் 6 டிகிரியில் இருந்த ஒரு யூனிட் இரத்தத்தைச் சூடாக்காமல் ஏற்றினால், வயதுவந்த ஒருவரின் உடல் வெப்பம் ஏறக்குறைய கால் டிகிரி இறங்கும். அறை வெப்பத்திலுள்ள ஒரு லிட்டர் சலைனும் ஏறக்குறைய அதே அளவு இறக்கும். பல யூனிட்டுகள் தேவைப்படும் காயத்தில் இது சிறிய கணக்கல்ல.

மிகவும் அஞ்ச வேண்டியது இரத்தக் கசிவைத்தான். இரத்தம் உறைவதற்கு உதவும் நொதிகளும் தட்டணுக்களும் குளிரில் மந்தமாகின்றன. கசிவு கூடினால் திசுக்களுக்கு ஆக்சிஜன் குறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் இரத்தத்தில் அமிலம் சேர்கிறது, வெப்ப உற்பத்தியும் தளர்கிறது. உடல் மேலும் குளிர, கசிவு மேலும் கூடுகிறது. இதில் எளிதில் கவனத்துக்கு வராத ஒன்று உண்டு. ஆய்வகத்தில் இரத்தம் உறையும் நேரத்தை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் அளக்கிறார்கள். ஆகவே 33 டிகிரியில் படுத்திருப்பவரின் காயம் நிற்காமல் கசிந்துகொண்டிருக்கும்போதே, ரிப்போர்ட் எல்லாம் சரி என்று சொல்லக்கூடும்.

வீட்டிலுள்ள பழைய பாதரச தெர்மாமீட்டரும் இதைக் காட்டிக்கொடுக்காது. அதன் அளவுகோலே 94 டிகிரி ஃபாரன்ஹீட்டில்தான், அதாவது ஏறக்குறைய 34.4 டிகிரி செல்சியஸில்தான் தொடங்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் உணவுக்குழாயிலோ சிறுநீர்ப்பையிலோ உணர்கருவி வைத்து உள்வெப்பத்தை அளப்பது இதனால்தான். கிருமித் தொற்று முற்றிய நோயாளிக்கு உடல் சில்லிட்டிருந்தால், 'நல்லவேளை, காய்ச்சல் இல்லை' என்று உறவினர்கள் நிம்மதி அடைவதுண்டு. உண்மையில் இத்தகைய நோயாளிகளுள் வெப்பம் குறைந்தவர்களே கூடுதல் ஆபத்தில் இருப்பவர்கள்.

பதற்றத்தில் கை கால்களைத் தேய்த்துவிடுவதும் வெந்நீர்ப் பாட்டிலை ஒற்றுவதும் நம்மிடையே வழக்கம். அன்பினால் செய்வதே என்றாலும், இவற்றைத் தவிர்ப்பது நல்லது: உணர்வு மங்கிய தோல் எளிதில் வெந்துவிடும், கை கால்களில் தேங்கிய குளிர்ந்த இரத்தம் சட்டென்று இதயத்துக்குத் திரும்பும். 28 டிகிரிக்குக் கீழே உள்ளவரை முரட்டுத்தனமாகப் புரட்டினால்கூட இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். ஈர உடையைக் களைந்து, துடைத்து, தலை உட்பட உலர்ந்த போர்வையால் மூடி, மெதுவாகத் தூக்கிச் செல்வதே சரி. மருத்துவமனையில் வெதுவெதுப்பான காற்றுப் போர்வையும் சூடாக்கிய சலைனும் இருக்கின்றன. மிகக் கடுமையான நிலையில் இரத்தத்தை வெளியே எடுத்துச் சூடாக்கித் திருப்பி அனுப்பும் இயந்திரமும் உண்டு.

இதே குளிரை மருத்துவர்கள் வேண்டுமென்றே பயன்படுத்துவதும் உண்டு, ஏனெனில் குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் குறைவாகவே தேவைப்படுகிறது. இதயம் நின்று மீண்டவர்களைக் குளிர்விப்பது பலன் தருவதாக 2002இல் வெளிவந்த இரு ஆய்வுகள் காட்டின. ஆனால் 2021இல் வெளியான பெரிய ஆய்வில், 33 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டவர்கள், காய்ச்சல் வராமல் மட்டும் காக்கப்பட்டவர்களைவிட அதிகம் பிழைக்கவில்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகளுக்கோ, பிறந்த 6 மணி நேரத்துக்குள் தொடங்கி 72 மணி நேரம் 33.5 டிகிரியையொட்டி வைத்திருப்பது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலே இதைச் செய்ய, உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும் பொருள் நிரப்பிய மெத்தையை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பயன்படுத்தி ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், குளிர்விக்கப்பட்ட குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. குழந்தைகளின் மூளைப் பாதிப்பு இங்கே எப்போது, எதனால் தொடங்குகிறது என்பதை இப்போது தனியே ஆராய வேண்டியிருக்கிறது.