மீறுதொற்று: 'திருப்புமுனை' எங்கிருந்து வந்தது?

இந்த வாரம் மூன்றாவது முறையாகக் கண்ணில் பட்டது, 'திருப்புமுனைத் தொற்று'. தடுப்பூசி போட்டவருக்கே அந்த நோய் வந்தால் மருத்துவர்கள் 'பிரேக்த்ரூ' என்பார்கள். மொழிபெயர்த்தவர் அகராதியைப் புரட்டியிருக்கிறார். அறிவியல் சாதனைக்கான பொருள் கையில் அகப்பட்டது, எடுத்து ஒட்டிவிட்டார். பொன்னுக்கு வீங்கி வந்து, கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கிடக்கும் பையனுக்கு அதில் என்ன திருப்புமுனை?

சொல்லின் பிறப்பு எளிது. உடைத்துக்கொண்டு மறுபக்கம் வருவது. முதல் உலகப் போரில் எதிரியின் அரணைப் பிளந்து நுழைவதற்குப் புழங்கியது. சாதனை என்ற பொருள் பிறகு சேர்ந்தது.

2009-10இல் நியூயார்க் வட்டாரத்தில், பெரும்பாலும் வைதீக யூதர்களிடையே, 3,502 பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. பிரிட்டன் போய்வந்த 11 வயதுச் சிறுவன் கோடை முகாமுக்குக் கொண்டுவந்தது. நோய் வந்த 13-17 வயதினரில், ஊசி போட்ட விவரம் கிடைத்தவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள். அவர்களுடைய சமயப் பள்ளியில் இருவர் இருவராக ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, மணிக்கணக்காக உரக்க வாதிட்டுப் படிப்பார்கள். எச்சில் துளி நேரே முகத்தில் தெறிக்கும். இரண்டு தவணை ஊசி நூற்றுக்குச் சுமார் 88 அளவுக்குத்தான் காக்கும். அந்த மேசையில் அதுவும் போதவில்லை. தடுப்பு இருந்தது, கிருமி அதை மீறியது. அதனால்தான் 'தடுப்பு மீறிய தொற்று' என்கிறேன். கை மீறிப் போச்சு, கரை மீறிய வெள்ளம் என்று நாம் தினமும் சொல்கிற 'மீறு'தான் இது.

'ஊடுருவல் தொற்று' என்றும் எழுதுகிறார்கள். எந்தத் தொற்று ஊடுருவாமல் வருகிறது? தடுப்பைப் பற்றி அதில் ஒரு எழுத்துகூட இல்லை. 'தடுப்பூசித் தோல்வி' இன்னும் மோசம். படிக்கிறவர் ஊசியே வீண் என்று முடிவுகட்டிவிடுவார். ஏறக்குறைய எல்லாரும் ஊசி போட்ட ஊரில் நோய் வந்தவர்களிலும் போட்டவர்களே அதிகம் இருப்பார்கள். அது வெறும் கணக்கு. நியூயார்க்கில் அந்தச் சமூகத்துக்கு வெளியே நோய் பெரிதாகப் பரவவே இல்லை. அதையும் தோல்விக் கணக்கில் எழுதுவார்களா?

பொன்னுக்கு வீங்கியை ஆங்கிலத்தில் உள்ளபடி 'மம்ப்ஸ்' என்றே எழுதி நகர்ந்துவிடுகிறவர்கள் வேறு. என் தாடை வீங்கியபோது பாட்டி தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். மருத்துவம் தப்புதான், ஆனால் நோயின் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது.

'தடுப்பு மீறிய தொற்று' தலைப்புக்கு நீளம் என்று ஒரு நண்பர் குறைப்பட்டார். சரி, 'மீறுதொற்று' என்று போடட்டும். வினைத்தொகை, மீறிய, மீறுகிற, மீறும் மூன்றும் அதற்குள் அடக்கம்.