ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளையும் வராந்தாவில் சொல்லப்படும் தீர்ப்பும்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். நோயைப் பற்றிய கேள்விகளைத் தாய்மார்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுவார்கள். பிள்ளை போன பிறகு, கிறிஸ்தவத் தாய்மார் சிலர் எங்களிடம் கேட்பது வேறு. "சிஸ்டர், ஞானஸ்நானம் கொடுக்கவில்லையே, மோட்சத்துக்குப் போயிருக்குமா?" பெரும்பாலும் அந்தப் பயத்தை மூட்டியவர் வெளியே வராந்தாவில் நிற்பார். "ஃபாதரை முன்னாலேயே கூப்பிட்டிருக்கலாமே" என்று போகிறபோக்கில் சொன்ன பெரியம்மாவாக இருக்கும்.

அந்தப் பெரியம்மாவையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 5ஆம் நூற்றாண்டில், குழந்தைகள் பிறவிப் பாவத்தோடு பிறப்பதில்லை என்ற பெலாஜியுசின் போதனையை எதிர்த்து வாதாடிய இறையியலாளர் புனித அகுஸ்தினார், திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு, ஆனால் மிக இலேசானது என்று எழுதிவைத்தார். அதையும் ஏற்க மனம் வராத இடைக்கால இறையியலாளர்கள் லிம்போ என்ற நிலையைச் சொன்னார்கள்: வேதனை இல்லை, கடவுளை நேரில் காணும் பேரின்பமும் இல்லை. அடி விழுந்தது பெற்றோருக்குத்தான். அயர்லாந்தில் 20ஆம் நூற்றாண்டிலும் இத்தகைய சிசுக்களை ஆசீர்வதிக்கப்பட்ட கல்லறையில் சேர்க்காமல், வயலோரத்திலும் பாழடைந்த கோயிலருகிலும், பல நேரம் இருட்டிய பிறகு, புதைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் ஓபர்பூரனில் 15ஆம் நூற்றாண்டில் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. இறந்து பிறந்த சிசுவைக் கனலருகே சூடேற்றி, உதட்டில் ஓர் இறகை வைப்பார்களாம். இறகு அசைந்தால் உயிர் வந்துவிட்டதென்று உடனே திருமுழுக்கு.

இத்தனைக்கும் கத்தோலிக்கத் திருச்சபை லிம்போவை ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவித்ததில்லை. 1992இல் வந்த அதன் மறைக்கல்வி நூல், இக்குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம், அவர்கள் மீட்புப் பெறுவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. நிச்சயமாகத் தெரியும் என்று அது சொல்லவில்லை. நானும் தாயிடம் கூட்டிச் சொல்வதில்லை. புராட்டஸ்டண்டு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரோ 1542இலேயே, கருச்சிதைவுற்ற பெண்களுக்கு ஆறுதலாக, அவர்களுடைய ஏக்கத்தையே கடவுள் ஜெபமாக ஏற்பார் என்று எழுதினார். பாப்டிஸ்டு, பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தை ஞானஸ்நானமே கிடையாது. பைபிளில் பிள்ளையை இழந்த தாவீது அரசன் "நான் அவனிடம் போவேன்" என்று சொன்னதைத்தான் அங்கே பலரும் எடுத்துக்காட்டுவார்கள்.

உயிர் இருக்கும்போதே பெற்றோர் விரும்பினால், குருவானவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கத்தோலிக்கச் சட்டப்படி, ஆபத்து நேரத்தில் சரியான நோக்கத்தோடு யாரும் கொடுக்கலாம். இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளைக்கு, வெதுவெதுப்பான ஸ்டெரைல் வாட்டரைச் சிரிஞ்சில் எடுத்து, நெற்றியில் வழிந்தோடும் அளவுக்குச் சில துளி விட்டு, "தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்றால் போதும். பிளாஸ்டர் நனையாமல், உடல் குளிராமல் உடனே ஒற்றிவிட வேண்டும். பெற்றோரைக் கேட்காமல் பக்தியின் பேரில் இரகசியமாகச் செய்யும் செவிலியர்களும் உண்டு. அது எங்கள் வேலை அல்ல, அத்துமீறல்.

இறந்த பிறகு திருமுழுக்குக் கொடுப்பதில்லை. ஆனால் ஜெபம் செய்யலாம், பெயர் வைக்கலாம். திருமுழுக்குக் கொடுக்கும் எண்ணம் பெற்றோருக்கு இருந்திருந்தால், ஆயரின் (பிஷப்பின்) அனுமதியோடு கோயில் முறைப்படியே அடக்கம் செய்ய 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. அனுமதி கேட்கப் பங்குத்தந்தையிடம் அந்தப் பெரியம்மாவே போகலாம்.