கர்ப்பகால சர்க்கரையும் பிளேட்லெட் பயமும்

"பிளேட்லெட் குறைஞ்சுபோச்சு மேடம், குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை என்றாகிவிட்டது. அண்மையில் வந்தவருக்கு எட்டாம் மாதம், கர்ப்பகால சர்க்கரை உண்டு. லேப் ரிப்போர்ட்டில் பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை 1,32,000 என்று இருந்ததைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அதை ஏற்ற வீட்டில் பப்பாளி இலைச் சாறு, மாதுளை ஜூஸ், பேரீச்சம்பழம். "சுகர் பார்த்தீங்களா?" என்று கேட்டால், "முதல்ல பிளேட்லெட் ஏறட்டும்னு விட்டுட்டோம்" என்கிறார் மாமியார். அங்கேயே பார்த்தோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 214. அது 120-க்குள் இருக்க வேண்டும்.

பப்பாளிப் பழத்தைக் கர்ப்பிணியின் கண்ணில்கூடக் காட்டாத வீடு அது. அதே மரத்தின் இலையை மட்டும் அரைத்துப் பிழிந்து கொடுக்க எப்படி மனம் வந்ததோ! கர்ப்பத்தில் அந்தச் சாறு பாதுகாப்பானது என்று யாரும் நிரூபிக்கவில்லை. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

டெங்கு வந்து போன ஊர்களில் பிளேட்லெட் என்றாலே உயிர் போகும் விஷயம் என்று ஆகிவிட்டது. கர்ப்பத்தின் கதை வேறு. ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதாலும், தட்டணுக்கள் வேகமாகச் செலவாவதாலும் எண்ணிக்கை இயல்பாகவே கொஞ்சம் இறங்கும். ஏறக்குறைய பத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே தேவையில்லை, குழந்தைக்கும் பாதிப்பில்லை, பிரசவம் ஆனதும் தானாகவே ஏறிவிடும். 1 லட்சத்துக்குக் கீழே போனாலோ, ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் இறங்கிக்கொண்டே வந்தாலோ, கூடவே பிபி ஏறினாலோதான் எங்களுக்குக் கவலை. அப்போதும் செய்ய வேண்டியது மருத்துவமனைக்கு வருவதுதான், ஜூஸ் போடுவதல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் ரத்தத்தில் சிலருக்குத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கட்டியைத் தட்டணுவாகவே எண்ணாது. எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து வரும். சந்தேகம் இருந்தால் ஸ்லைடில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்வோம். அதே குழாய் மேசையில் மணிக்கணக்காகக் கிடந்தால் தட்டணுக்கள் உப்பிவிடும். எம்பிவி என்ற சராசரி அளவு கூடிவிடும். கர்ப்பகால சர்க்கரையில் எம்பிவி சற்றுக் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. அந்த ஒரு எண்ணை வைத்து நாங்கள் எந்த முடிவும் எடுப்பதில்லை. ரிப்போர்ட்டில் அதன் பக்கத்தில் 'ஹை' என்று இருப்பதைப் பார்த்து நீங்களும் தூக்கம் கெடாதீர்கள்.

சர்க்கரை கூடும்போது தட்டணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், அவற்றின் குணம்தான் மாறும். சும்மா ஓட வேண்டியவை சீக்கிரம் சீண்டப்பட்டு ஒட்டத் தொடங்கும். ரத்தக்குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து அவற்றை ஒட்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது. சர்க்கரை அந்தச் சுவரையே நோகடிக்கிறது. நஞ்சுக்கொடி முழுக்க ரத்தக்குழாய்தானே. கர்ப்பகால சர்க்கரை உள்ளவர்களுக்குப் பிபி கூடும் ப்ரீஎக்லாம்சியா அதிகம் வருவதில் இதற்கும் பங்குண்டு.

அதனால் நீங்கள் பார்க்க வேண்டிய எண்கள் வேறு. வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. பிபி 140/90-ஐத் தொட்டால் அன்றைக்கே வாருங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீரென்று முகம் வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். ப்ரீஎக்லாம்சியாவைத் தடுக்க ஆஸ்பிரின் யாருக்கு வேண்டும் என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம். அதை நான்காம் மாதம் முடிவதற்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று ஏழாம் மாதத்தில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிரசவத்துக்குப் பிறகும் எனக்கு ஒரு சண்டை பாக்கி. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரை அளந்து கொடுத்து, எழுந்து நடக்கவிடாமல் படுக்க வைக்கிறீர்கள். பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள்தான் காலில் ரத்தம் உறைய அதிக வாய்ப்புள்ள காலம். சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள், நடக்க விடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள், உடனே கூட்டி வாருங்கள்.

தமிழ்நாட்டில் 2007-லேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய அரசு ஆணையிட்டது. கர்ப்பத்தில் நாம் நன்றாகத்தான் கண்டுபிடிக்கிறோம். பிரசவம் ஆனதும் "சுகர் போயிடுச்சு" என்று போனவர்கள் திரும்பி வருவதில்லை. பெரும்பாலோருக்கு அளவு இறங்கிவிடும், உண்மைதான். ஆனால் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. இதய, ரத்தக்குழாய் நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பின்னாளில் சர்க்கரையே வராதவர்களுக்கும் அந்த ஆபத்து கூடுதல்தான். முப்பத்தைந்து வயதில் நெஞ்சுவலியோடு வரும் பெண்ணிடம் "கர்ப்பத்தில் சுகர் இருந்ததா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. "அது அப்பவே சரியாயிடுச்சே" என்பார்கள்.

ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட எப்படியும் வருவீர்கள். அன்றைக்கே நீங்களும் வெறும் வயிற்றில் வந்து, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் இருந்து பரிசோதனையை முடித்துவிட்டுப் போங்கள். அதுவரை குழந்தையை வீட்டுக்காரர் வைத்திருக்கட்டும். முடிவு 140-க்குக் கீழே வந்தால், வருடம் ஒரு முறை சுகரும் பிபியும் பார்த்தால் போதும். வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அரசுத் திட்ட ஊழியரிடம்கூடப் பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தது என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.