ஃபுல் லோடு கரண்ட் – முழுச்சுமை மின்னோட்டம்

காங்கேயம் பக்கம் ஒரு தோட்டத்து மோட்டார் ரூம். காயில் கட்ட வந்தவர் கேட்டார்: "ஏனுங்ணா, ஃபுல் லோடு கரண்ட் எவ்வளவுங்க?" தோட்டக்காரர் சொன்னார்: "ராத்திரி பத்து மணிக்கு மேலதானுங்க ஃபுல்லா வருது."

தப்பு அவர் மேல் இல்லை. நம் பேச்சில் கரண்ட் என்றால் மின்சாரமே. கரண்ட் வரும், போகும். வந்தவர் கேட்டதோ ஆம்ப்ஸ், மோட்டாருக்குள் ஓடும் மின்சாரத்தின் அளவு. ‘கரண்ட்’ என்ற சொல்லின் வேர், ஓடுதலைக் குறிக்கும் லத்தீன் வினை. ‘மின்னோட்டம்’ என்பதிலும் அதே ஓட்டம் இருப்பதால், இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ‘லோடு’ பழைய ஆங்கிலத்தில் வழி, பயணம் என்ற பொருளில் இருந்தது. பாரம் என்ற பொருள் அப்புறம் ஏறியது. நமக்கு ‘சும’ என்ற வினையிலிருந்தே சுமை. ‘பளு’ என்றும் எழுதலாம்தான். ஆனால் மின்வாரியப் படிவத்தில் வரும் ‘மின்பளு’ வேறு கணக்கு, ஒரு இணைப்புக்கு மொத்தம் எத்தனை கிலோவாட் என்பது. அதனால் என் ஓட்டு முழுச்சுமைக்கே.

எருது பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டியவர்களுக்கு இது எளிது. சால் என்ற இறைவாளி நிறையத் தண்ணீரோடு எருதுகள் சரிவில் இறங்கும்போது இழுக்கிறதே, அந்த இழுவைதான் முழுச்சுமை. மோட்டார் தன் நேம் பிளேட்டில் போட்டிருக்கும் குதிரைத்திறனை முழுதாகக் கொடுக்கும்போது எடுக்கும் ஆம்ப்ஸ், முழுச்சுமை மின்னோட்டம். பம்ப் இல்லாமல் வெறுமனே சுற்றினாலும் பெரும்பாலும் அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எடுக்கும். வெறுஞ்சாலுக்கும் எருது நடக்க வேண்டுமே.

கணக்கு இப்படி. 5 எச்.பி. மோட்டார், ஒரு எச்.பி. 746 வாட், ஆக 3,730 வாட். மும்முனை 415 வோல்ட், திறன் காரணி (பவர் ஃபேக்டர்) 0.8, பயனுறுதிறன் (எஃபிஷியன்சி) 0.85 என்று வைத்தால், மும்முனைக்கு உரிய 1.732 × 415 × 0.8 × 0.85 = சுமார் 489. இதால் 3,730ஐ வகுத்தால் 7.6 ஆம்பியர். பட்டறைக்காரர்கள் பேப்பரே எடுப்பதில்லை: எச்.பி.க்கு ஒன்றரை ஆம்ப்ஸ், அஞ்சுக்கு ஏழரை. மும்முனைக்கு மட்டும்தான் இந்த வாய்க்கணக்கு. சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

வோல்டேஜ் 350க்கு இறங்கினாலும் ஏற்ற வேண்டிய தண்ணீர் அதேதான். எனவே ஆம்ப்ஸ் 9க்கு ஏறும், வைத்த அளவை ஆம்ப்ஸ் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகும். உடனே ரிலேயைத் திருகி அந்த அளவை ஏற்றிவிடுகிறோம். மோட்டாரும் ஓடும், காயில் கருகும் வரை.

காங்கேயம் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துணியால் துடைத்தபோது 7.5 என்று தெரிந்தது. ரிலே 10இல் நின்றிருந்தது.