ஸ்பிரிண்ட் நடுவில் நுழைந்த வேலை வரைபில் எங்கே தெரிகிறது?

மென்பொருள் குழு ஒன்று குறிப்பிட்ட வேலைகளை எடுத்துச் செய்யும் குறுகிய காலப்பகுதிதான் ஸ்பிரிண்ட்; வேலையின் பருமனுக்குக் குழு போடும் மதிப்பீடு புள்ளி. பத்து வேலைநாள் ஸ்பிரிண்ட் ஒன்று 40 புள்ளி வேலையோடு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்காம் நாள் மாலை 12 புள்ளி முடிந்துவிட்டது, மிச்சம் 28. ஐந்தாம் நாள் காலையில் 9 புள்ளிக்குப் புதிய வேலை உள்ளே வருகிறது. ஆறாம் நாள் மாலைக்குள் குழு இன்னும் 9 புள்ளியை முடித்துவிடுகிறது. மிச்சம் திரும்பவும் 28. மிச்ச வேலையை நாளுக்கு நாள் காட்டும் பர்ன்டவுன் வரைபில் இடையில் ஒரு சின்ன மேடு தெரியும். மற்றபடி கோடு நான்காம் நாள் நின்ற உயரத்திலேயே நிற்கும். கொழும்பில் இருந்துகொண்டு அந்த வரைபை மட்டும் பார்ப்பவர் கேட்பார்: "ரெண்டு நாளா என்ன செய்தனீங்கள்?"

அவர் கேட்பதில் பிழை இல்லை. பர்ன்டவுன் மிச்சத்தை மட்டுமே காட்டுகிறது. கடைக் கொப்பியில் வரவையும் செலவையும் அழித்துவிட்டு இருப்பை மட்டும் விட்டுவைத்தால் முதலாளிக்கு என்ன விளங்கும்? அந்த நிலைதான் இங்கும். முடித்த வேலையும் புதிதாகச் சேர்ந்த வேலையும் ஒரே எண்ணுக்குள் மறைந்துவிடுகின்றன.

நான் இருப்பது திருகோணமலையில். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்கு முன்பதிவும் பில்லும் போடும் மென்பொருள் செய்கிற ஒரு சிறிய குழுவை ஒருங்கிணைக்கிறேன். ஏப்ரல் நெருங்கினால் சீசன் தொடங்கிவிடும், அப்புறம் செப்டெம்பர் வரைக்கும் வட்ஸ்அப்பில் குரல் செய்திகள்தான். "தம்பி, சின்ன வேலைதான், திமிங்கிலம் பார்க்கப் போற படகுக்கும் இதுக்குள்ளயே புக்கிங் போட ஒரு பட்டன் வச்சு விடுங்கோ." பட்டன் என்னவோ சின்னதுதான். அதற்குப் பின்னால் இருக்கை எண்ணிக்கை, கடல் கொந்தளித்தால் பணம் திருப்புவது, படகுக்காரரின் பங்கு என்று ஒரு வரிசை நிற்கும்.

இப்படி ஏதாவது வந்தால் "ஸ்பிரிண்ட் பூட்டியாச்சு, ஒன்றும் சேர்க்க முடியாது" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. ஸ்பிரிண்ட் முறையில் வேலை செய்யும் ஸ்க்ரம் என்ற நடைமுறையின் வழிகாட்டியில் அப்படி ஒரு பூட்டு இல்லை. 2020 பதிப்பு சொல்வது இதுதான்: ஸ்பிரிண்ட் இலக்குக்கு ஆபத்து வரும் மாற்றம் கூடாது, தரம் குறையக் கூடாது. வேலையின் அளவை, மேலும் தெரியவரும்போது, எந்த வேலை முதலில் என்று தீர்மானிக்கும் புரடக்ட் ஓனருடன் பேசித் தெளிவாக்கலாம், மாற்றியும் கொள்ளலாம். ஸ்பிரிண்டுக்கு எடுத்த வேலைகளைக் குழுவின் வாக்குறுதி என்று சொல்வதை விட்டு முன்கணிப்பு என்று 2011 பதிப்பிலேயே மாற்றிவிட்டார்கள். ஆகவே மாற்றம் குற்றம் இல்லை. அது எங்கேயும் பதிவாகாமல் போவதில்தான் எனக்குச் சண்டை.

வேலைகளைப் பதிந்து கண்காணிக்கும் ஜிரா என்ற மென்பொருளைப் பாவிப்பவர்களுக்கு ஒரு விடயம். அதில் ஒவ்வொரு வேலைக்கும் உள்ள பதிவுதான் டிக்கெட். ஸ்பிரிண்ட் தொடங்கிய பிறகு சேர்த்த டிக்கெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிண்ட் அறிக்கையில் ஒரு நட்சத்திரக் குறி விழும். வெளியே எடுத்தவை தனியாகப் பட்டியலில் வரும். பர்ன்டவுன் வரைபுக்குக் கீழே உள்ள அட்டவணையில் எந்த நேரத்தில் எது சேர்ந்தது, எது போனது, எதன் மதிப்பீடு மாறியது என்று வரி வரியாக இருக்கும். பெரும்பாலானவர்கள் மேலே கோட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ஆனால் புள்ளி போடாமல் சேர்த்த டிக்கெட் கோட்டை அசைக்காது. மூன்று நாள் தின்ற வேலை வரைபில் பூச்சியமாகவே இருந்துவிட்டுப் போகும். திட்டமிடல் முடியும் முன்னரே அவசரமாக ஸ்பிரிண்டைத் தொடக்கிவிட்டால் இதற்கு நேர்மாறு: பிறகு சேர்க்கும் அத்தனையும் நடுவில் நுழைந்ததாகவே பதிவாகும், குறியைப் பார்த்து ஒன்றும் பிரித்தறிய முடியாது.

ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் எடுத்ததையும் முடித்ததையும் பட்டைகளாகக் காட்டும் வெலோசிட்டி வரைபு இன்னும் ஏமாற்றும். முதல் உதாரணத்துக்கே வருவோம். தொடக்கத்தில் 40, நடுவில் 9, மொத்தம் 49. கடைசி நாள் முடிவில் மொத்தம் 38 முடிந்திருந்தது, 11 மிச்சம். ஜிராவின் வெலோசிட்டி வரைபில் ஒப்புக்கொண்ட அளவு ஸ்பிரிண்ட் தொடங்கிய நொடியின் எண், அதாவது 40. முடித்த அளவில் நடுவில் சேர்ந்து முடிந்தவையும் அடங்கும், அதாவது 38. இரண்டு பட்டையும் பக்கத்தில் பக்கத்தில், கிட்டத்தட்ட ஒரே உயரத்தில். பார்க்கிறவர் "நல்லா போகுது" என்று போய்விடுவார். ஆனால் புதிதாக வந்த 9 புள்ளி முழுதும் முடிந்திருந்தால், முதலில் எடுத்த 40இல் முடிந்தது 29 மட்டுமே. யாரோ ஒரு விடுதிக்காரர் காத்திருந்த 11 புள்ளி வேலை அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. வரைபில் அவர் இல்லை.

இதற்குத்தான் பர்ன்அப் வரைபு. அதில் இரண்டு கோடு: மேலே மொத்த வேலை, கீழே முடித்த வேலை. 9 புள்ளி வந்த நாளில் மேல்கோடு ஒரு படி ஏறும், கீழ்க்கோடு தன் பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும். குழு எவ்வளவு ஓடியது, எல்லை எப்போது நகர்ந்தது என்ற இரண்டும் பிரிந்து தெரியும். ஜிராவில் இது ஏற்கெனவே இருக்கிறது. ஜிரா போன்ற இன்னொரு கருவியான அஷூர் டெவ்ஒப்ஸில் பர்ன்டவுனிலேயே மொத்த அளவின் கோட்டைச் சேர்த்துக் காட்டச் சொல்லலாம். கருவி எதுவும் இல்லையென்றால் கூகுள் ஷீட்டில் நாளுக்கு இரண்டு எண் போட்டால் போதும். பல ஸ்பிரிண்ட் சேர்ந்த ஒரு வெளியீட்டின் அளவில் பார்ப்பவர்களுக்கு, ஸ்க்ரம் பற்றி எழுதும் மைக் கோன் சொன்ன பட்டை வரைபும் நல்லது: முடித்தால் பட்டையின் தலை இறங்கும், புதிதாகச் சேர்ந்தால் அடி பூச்சியத்துக்குக் கீழே இறங்கும்.

சரி, எல்லா மாற்றமும் ஒன்றா? இல்லை. 2024 ஜனவரி 1ஆம் திகதி பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. பதிவுக்கான ஆண்டு விற்பனை எல்லையும் 80 மில்லியன் ரூபாயிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. பில் போடும் மென்பொருள் வைத்திருக்கும் எந்தக் குழுவும் இதைத் தள்ளிப்போட முடியாது. ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது என்று 2 புள்ளி போடத் தோன்றும். ஆனால் டிசம்பரில் போட்ட பில்லை மார்ச்சில் திரும்ப அச்சிட்டால் அதில் 15தான் வரவேண்டும். அப்படியென்றால் வீதத்தைத் திகதியோடு சேர்த்துச் சேமிக்க வேண்டும், அறிக்கைகளையும் தொடவேண்டும்.

இங்கே நான் ஒரு கோடு கிழிக்கிறேன். தேவை புதிது என்றால் புதிய டிக்கெட், புதிய புள்ளி, மேல்கோடு ஏறட்டும். தேவை பழையதுதான், நாம்தான் குறைத்து மதிப்பிட்டோம் என்றால் புள்ளியைத் தொடுவதில்லை; அது நம் கணிப்பைப் பற்றிய தகவல், அப்படியே இருக்கட்டும். ஓடிக்கொண்டிருக்கும் டிக்கெட்டில் 2ஐ அழித்து 8 என்று எழுதினால் ஜிரா அதையும் அளவு மாற்றமாகவே எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கேட்டதும் நாம் தவறாகக் கணித்ததும் ஒரே பெட்டிக்குள் விழும். வேறு விதமாகச் செய்கிற குழுக்கள் உண்டு, அவர்களுக்கு அவர்கள் நியாயம்.

இவற்றையெல்லாம் விடக் கெட்டது டிக்கெட்டுக்கு உள்ளேயே வளர்வது. தலைப்பு மாறாது, புள்ளி மாறாது, கீழே கருத்துப் பகுதியில் "இதையும் பார்த்துவிடுங்கோ" என்று நான்கு வரி சேரும். செய்யும் பிள்ளைக்கு மறுக்கத் தெரியாது, இரவு பத்து மணிவரை இருந்து முடிக்கும். எந்த வரைபும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் வரைபுக்குத் தெரிந்தது டிக்கெட்டின் எண் மட்டும். காலைக் கூட்டத்தில் "நேற்று கேட்டதில் இல்லாத எதையாவது செய்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி வெளியே வந்துவிடும். இளையவர்களிடம் அதைக் குற்றம் பிடிக்கும் குரலில் கேட்கக் கூடாது, கேட்டால் மறுநாளிலிருந்து பதில் "இல்லை அண்ணா" என்றே வரும்.

எங்கள் பதிவு ஷீட்டில் ஒரு மாற்றத்துக்கு ஒரு வரி: திகதி, என்ன வேலை, யார் கேட்டது, எத்தனை புள்ளி, எந்த வகை, அதற்குப் பதிலாக என்ன வெளியே போகிறது. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் வேலை உள்ளே வராது, அந்த முடிவைப் புரடக்ட் ஓனர் எடுக்கட்டும். விடுதிக்காரருக்கும் அதே தொனியில் பதில்: "செய்யலாம் அண்ணா. படகு புக்கிங் இந்தக் கிழமை வந்தால் மாத அறிக்கை அடுத்த ஸ்பிரிண்டுக்குப் போகும். எது முதலில் வேணும்?" அநேகம் பேர் மாத அறிக்கையைத்தான் சொல்வார்கள். வகைக் கட்டமும் வீண் இல்லை. வாடிக்கையாளர் பாவிக்கும் மென்பொருளில் வரும் பிழைகள்தான் ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் நுழைகின்றன என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே அதற்கு இடம் விட்டு எடுக்கலாம். ஒரே வாடிக்கையாளரிடமிருந்துதான் வருகிறது என்றால் திட்டமிடலுக்கு முதல் நாள் அவருடன் அரை மணித்தியாலம் கதைத்தால் தீரும்.

இலங்கையில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும். மாதந்தோறும் போயா விடுமுறை வருகிறது, ஜனவரியில் தைப்பொங்கலும் உண்டு. ஜிராவில் போர்டு அமைப்புக்குள் போய் இந்த நாட்களை வேலையில்லா நாட்களாகக் குறிக்காவிட்டால், போயா அன்று கோடு தட்டையாக நிற்கும், சீராக முடித்தால் மிச்சம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று காட்டும் வழிகாட்டிக் கோடு மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியை மேலே சேர்ந்த வேலையின் கணக்கில் போட்டு வாதாடிவிடாதீர்கள்.