வெறும் இருட்டு அல்ல, சாளரம்

மக்களுக்கு வானம் காட்டும் இரவுகளில், சிற்பி என்ற விண்மீன் குழுவை நோக்கி நான் கை நீட்டினால், "அங்கே ஒன்றுமே இல்லையே" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குழுவின் மிகப் பிரகாசமான விண்மீனுக்கே பிரகாச எண் 4.3தான்; இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கலாகும். நகரத்து வானில் அதுவும் தெரியாது.

நன்னம்பிக்கை முனையில் 1751, 1752 ஆண்டுகளில் தென்வானத்தை அளந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய் வகுத்த குழு இது. சிற்பியின் பட்டறை என்று பெயரிட்டார். மங்கலான புள்ளிகளில் உளியையும் சுத்தியலையும் காண நிறையக் கற்பனை வேண்டும்.

ஆனால் அந்த வெறுமைக்குக் காரணம் உண்டு. நம் சூரியன் உள்ள விண்மீன் கூட்டமான பால்வழி தட்டையான வட்டு. நாம் அதற்குள் இருக்கிறோம். வட்டின் தளத்துக்குச் செங்குத்தாகத் தெற்கே பார்க்கும் திசை சிற்பிக்குள்தான் விழுகிறது. அங்கே குறுக்கே நிற்கும் விண்மீன்கள் குறைவு, தூசியும் குறைவு. அதனால் பால்வழிக்கு வெளியே தொலைதூரம் பார்க்க முடிகிறது. 1783இல் கரோலின் ஹெர்ஷல் கண்டறிந்த என்.ஜி.சி. 253, பால்வழியைப் போன்ற இன்னொரு விண்மீன் மண்டலம், அங்கேதான் இருக்கிறது. ஒரு கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால், புதிய விண்மீன்களை மும்முரமாகப் பிறப்பித்துக்கொண்டிருக்கிறது.

ஒருமுறை அந்த மண்டலத்தை நோக்கித் திருப்பிய தொலைநோக்கியில் ஒரு சிறுவன் கண் வைத்துவிட்டு, "எதுவும் தெரியவில்லை, ஐயா" என்றான். பக்கத்துக் கட்டடத்து விளக்கு நேராக அவன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டதும் அணைத்தார்கள். இருபது நிமிடம் இருட்டில் உட்கார வைத்தேன். கைபேசிகளையும் உள்ளே வைக்கச் சொன்னேன். "நேராகப் பார்க்காதே தம்பி, கடைக்கண்ணால் பார்" என்றேன். மங்கலான ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் மையத்தில் இல்லை, அதைச் சுற்றித்தான் அடர்ந்திருக்கின்றன. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தவன், "சாய்வாக நீளமாக, புகை மாதிரி!" என்று கத்தினான். சாய்ந்து தெரியும் அந்த வட்டை அவன் சரியாகவே பார்த்திருந்தான்.

விளக்கு வெளிச்சம் இரவு வானை வெளுக்கச் செய்யும் ஒளிமாசு முதலில் விழுங்குவது இப்படிப்பட்ட மங்கலான குழுக்களைத்தான். பிரகாசமான விண்மீன்கள் தப்பிவிடுவதால், எதை இழந்தோம் என்பதே தெரியாமல் போகிறது. 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தின்படி மனிதர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பால்வழியைப் பார்க்க முடியாத இடத்தில் வாழ்கிறார்கள். எனக்கு இது பெருங்கவலை. ஆனாலும் மாற்று வழி எளிது. வெளிவிளக்குக்கு மேல் மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். தேவையில்லாத நேரத்தில் அணையுங்கள். காற்றில் அதிகம் சிதறும் நீலவெள்ளை விளக்குகளைவிட மஞ்சள் விளக்குகள் நல்லவை.

நவம்பர் மாதத்தில் நிலவில்லாத முன்னிரவு ஒன்றில் பைனாகுலரோடு வெளியே வாருங்கள். திமிங்கலக் குழுவில் டிஃப்டா என்ற விண்மீனைப் பிடித்துக்கொண்டு ஏழு பாகை தெற்கே இறங்குங்கள். ஏறக்குறைய ஒரு பைனாகுலர் வட்டத்தின் அகலம். நல்ல இருட்டாக இருந்தால், மெல்லிய சாம்பல் தீற்றாக என்.ஜி.சி. 253 அங்கே நிற்கும்.